துணைவினையும் முதல்வினையும்

துணைவினை பற்றிப் பாடம் நடத்துங்கால் நாம் ஓர் எடுத்துக்காட்டைத் தவறாது கூறுவதுண்டு. 'அவள் பாடத்தைப் படித்து விட்டாள்' என்னும் தொடரில் 'படித்து' என்பது முதல்வினை. 'விட்டாள்' என்பது துணைவினை. துணைவினை தன் சொந்தப் பொருளை விடுத்து, முதல்வினையின் பொருளை நிறைவு செய்கிறது. முதல்வினையை நீக்கிப் பாருங்கள். 'அவள் பாடத்தை விட்டாள்' என்றாகிப் பொருளே தலைகீழாகிவிடும். மாணவியர் கேட்டுச் சிரிப்பர். இலக்கணத்தில் சிரிப்புக்கு இடமாகும் இப்பிழை, இன்று நம் பெண்மக்கள் பலரின் உடல்நலத்தில் நிகழ்ந்து வருகிறது. அங்கே அது சிரிப்புக்குரியதாக இல்லை.

'சினைப்பை நீர்க்கட்டி' என்றும், 'பி.சி.ஓ.எஸ்.' என்றும் வழங்கும் கோளாற்றையே குறிப்பிடுகிறோம். 1935 இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்து மருத்துவர்கள் ஸ்டைன், லெவன்தால் ஆகிய இருவரும் இதனை விரிவாக எடுத்துரைத்தனர். அன்று இடப்பட்ட பெயரே இன்றளவும் பலரை மயக்கி வருகிறது. ஸ்கேன் படத்தில் தோன்றுபவை உண்மையில் கட்டிகளல்ல. முதிர்ந்து வெளிப்பட வேண்டிய முட்டைகளைத் தாங்கி, பாதி வளர்ச்சியில் நின்றுவிட்ட நுண்பைகளே அவை. ஊரார் வழக்கில் இது 'கர்ப்பப்பையில் கட்டி' என்றாகும்போது, தவறு இரட்டிப்பாகிறது; இடமும் தவறு, பொருளும் தவறு. சொல்லால் பிறந்த அச்சத்தையே முதலாக்கி வாணிகம் செய்வோரும் உளர்.

இக்கோளாற்றில் பெரும்பாலும் உடல், இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. அதனை ஈடுகட்ட இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. அம்மிகுதி சினைப்பையைத் தூண்ட, ஆண்பால் ஹார்மோன் அளவு கடக்கிறது. அதன் விளைவாக முட்டை வெளிப்படுதல் தடைப்பட்டு மாதவிலக்கு தள்ளிப்போகிறது; முகத்தில் பருவும் மயிரும் தோன்றுகின்றன. உலகில் மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களுள் நூற்றுக்கு 6 முதல் 13 பேர் வரை இதற்கு ஆட்பட்டுள்ளனர் என்றும், அவருள் பெரும்பாலோர் அதனை அறியாமலேயே உள்ளனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆதலின் இது ஒரு வீட்டின் மறைபொருளன்று. எல்லா வீட்டின் செய்தி.

நம் தங்கை குடும்பத்தார் உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கத்தில் வாழ்கின்றனர். தங்கை மகளுக்கு வயது பத்தொன்பது. சென்ற ஆண்டு விடுமுறையில் அங்குச் சென்றிருந்தபோது, அவள் அலமாரியில் நான்கு புட்டிகளைக் கண்டோம். ஒன்று இனோசிட்டால் பொடி. ஒன்று வைட்டமின் டி. மற்றொன்று மீனெண்ணெய்க் குளிகை. நான்காவது பல மூலிகைகள் கலந்த மாத்திரை. மாதந்தோறும் ஏறத்தாழ 2,400 ரூபாய் செலவு. மருத்துவர் முன்பு எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையோ பாதி அட்டையோடு நின்றிருந்தது.

"அதை ஏனம்மா நிறுத்தினாய்?" என்றோம்.

"அது இங்கிலீஷ் மருந்து பெரியம்மா. இது வெறும் சத்துதானே, பக்க விளைவே கிடையாதுன்னு கடையில சொன்னாங்க" என்றாள்.

"தலைக்குக் குளித்து எத்தனை நாளாயிற்று?"

அவள் தன் தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள். ஐந்து மாதங்கள் கடந்திருந்தன.

இங்குதான் ஆபத்து உறைகிறது. மாதவிலக்கு பல மாதங்கள் வாராதிருப்பின், கருப்பையின் உட்படலம் வெளியேறாமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அவ்வாறே விடுவது பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வாயிலாகக்கூடும். மூன்று மாதங்களுக்கு மேல் வாராதபோது மருத்துவரைக் காண வேண்டும் என்பது அதனாலேயே. மறுவாரமே அவளைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தைராய்டு, இரத்தச் சர்க்கரை முதலியன சோதிக்கப்பெற்றன. விலக்கை வரவழைக்கும் மாத்திரை தரப்பெற்றது. மெட்ஃபார்மின் மீண்டும் தொடங்கப்பெற்றது. புட்டிகளை நோக்கிய மருத்துவர் அவற்றை இகழவில்லை. "இவை உதவிக்கு, சிகிச்சைக்கு மாற்று அல்ல" என்றார். நாம் வகுப்பில் கூறுவதை அவர் மருத்துவமனையில் கூறினார்.

துணையுணவுகளால் பயனே இல்லையோ எனின், அவ்வாறன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லை உண்டு. இனோசிட்டால் பற்றி 2023 இல் வெளியான அனைத்துலக மருத்துவ வழிகாட்டி நடுநிலையாகப் பேசுகிறது. தீங்கு குறைவு, உடலின் சர்க்கரைப் பயன்பாடு சிறிது சீர்படக்கூடும், விரும்புவோர் மருத்துவரோடு கலந்து உட்கொள்ளலாம், ஆயினும் முட்டை வெளிப்படுதலிலும், மயிர் வளர்ச்சியிலும், எடையிலும் காணும் பயன் சிறிதே. இன்ன வகை, இன்ன அளவு, இன்ன கலவையே சிறந்தது என்று பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை எனவும் அது கூறுகிறது. 'நாற்பதுக்கு ஒன்று' என்னும் விகிதத்தைப் பெரிதாக அச்சிடும் புட்டிகளை வாங்குவோர் இதனை நினைவிற்கொள்க.

வைட்டமின் டி குறைந்தவர்க்கு அதனை ஈடுசெய்தல் தேவையே. வெயில் காணாது வீட்டினுள் வாழும் நம் பெண்டிர் பலர்க்கு அது குறைந்தே காணப்படுகிறது. ஆனால் அது கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. அளவு மீறின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து தீங்கு விளையும். ஆதலின் மருத்துவர் குறித்த அளவே அளவு. மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வோர்க்குப் பி12 குறையக்கூடும். அப்போது அதனை அளித்தல் முறை. மகப்பேற்றை நாடும் பெண் முன்னரே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுதல் எல்லார்க்கும் பொதுவான நெறி. இவையெல்லாம் நல்ல துணைவினைகள்.

சட்டமும் இதனையே உணர்த்துகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 இல் வகுத்த விதிகளின்படி, இத்தகைய புட்டிகளில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று' என்னும் பொருள்பட அச்சிட்டிருத்தல் வேண்டும். நம் தங்கை மகளின் புட்டிகளிலும் அவ்வாசகம் இருந்தது, படிப்பாரில்லை. மாதவிலக்குக் கோளாற்றைத் தீர்ப்பதாக மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்தலை 1954 ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது.

அவ்வாறாயின் முதல்வினை யாது? உணவு, நடை, உறக்கம், மருத்துவர் சொல் என்னும் நான்குமே. திருக்குறளின் 95 ஆவது அதிகாரம் 'மருந்து' என்னும் தலைப்புடையது. அதில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதி, உண்ணும் அளவையே பேசுகிறது. தீட்டிய அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு, பயறு, கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுதல் சாலவாக்கத்தில் அரிதன்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும். பருமன் உடையோர்க்கு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலும் மாதவிலக்குச் சீர்படுதல் உண்டு. ஆனால் ஏரிக்கரையில் தனியே நடக்கும் பெண்ணை நம் தெரு எவ்வாறு நோக்குகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாயும் மகளும் சேர்ந்து நடக்கத் தொடங்கியபின் அங்கே யாரும் வினவவில்லை.

மாணவியர் நம்மிடம் கேட்கும் வினாக்கள் இரண்டு. குளிகையின் ஓடு ஹலாலா என்பது ஒன்று. ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவதாகலின் அவ்வினா தகும். தாவரப்பொருளாலான ஓடுடைய குளிகைகளும் கிடைக்கின்றன. ஆயினும், 'இது எனக்குத் தேவையா?' என்பது அதற்கு முந்திய வினா. ரமலானில் மாத்திரையை என்செய்வது என்பது மற்றொன்று. நோன்புக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு, வேளையை இஃப்தாருக்கும் சஹருக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். தாமே நிறுத்துதல் கூடாது.

இறுதியாக, நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். 'நீர்க்கட்டி' என்னும் சொல் செவிப்பட்டவுடன் பெண் பேசுவதை நிறுத்தும் வீடுகளை நாம் அறிவோம். இக்கோளாறுடைய பெண்களுள் பெரும்பாலோர் தாமாகவோ உரிய சிகிச்சையாலோ தாய்மை எய்துகின்றனர். லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் அதற்கென உள்ளன. மறைக்க வேண்டிய நிலை இருக்கும்வரை, பெண் மருத்துவமனைக்குச் செல்லாள். மறைவாகக் கிடைக்கும் புட்டியையே நாடுவாள். அப்புட்டியைவிட அவ்வச்சமே அவளுக்குக் கேடு. நம் தங்கை மகளுக்கு இப்போது நாற்பது நாளுக்கு ஒருமுறை விலக்கு வருகிறது; அதனை இல்லத்தாரிடம் தாழாத குரலில் கூறுகிறாள். நான்கு புட்டிகளில் ஒன்றே எஞ்சியுள்ளது; அதுவும் மருத்துவர் குறித்த அளவில். ஏனைய வீடுகளிலும் பெண்மக்கள் இவ்வாறு வாய்திறந்து பேச இடமளிக்க வேண்டுவது நம் அனைவர் கடமையாகும்.