ஆண்டாள் கிளியும் முருங்கைக்கீரையும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்த கையோடு, அவள் இடது கையில் இருக்கும் கிளியையும் ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். அந்தக் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ மூக்காகும், மரவள்ளி இலை உடலாகும், நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் இறக்கையாகும், அரளி மொட்டு வாலாகும். எல்லாவற்றையும் வாழை நார் கட்டி நிறுத்தும். பச்சைப் பசேலென்று, இப்போது பறந்துவிடும் போல இருக்கும்.

உடலுக்குப் பயன்படும் அந்த மரவள்ளி இலையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பசியோடு இருக்கும் ஆடு அந்தச் செடிக்குள் புகுந்து அளவுக்கு மீறி மேய்ந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம். ஆடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். இலைக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கடிபடும்போது அறைச்சுவர் உடைந்து, இரண்டும் கலந்து, சயனைடு வெளியாகிறது. ஓட முடியாத செடிக்கு அதுதான் காவல்.

இதே வேலையை ஊர்ச் சந்தையில் கூடை கூடையாக இறங்கும் முட்டைக்கோஸும் முள்ளங்கியும் கடுகும் செய்கின்றன. வெளியாவது மட்டும் வேறு. அங்கே சயனைடு, இங்கே காரமான ஒரு கந்தகப் பொருள். பச்சை முள்ளங்கியைக் கடித்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதுதான். புற்றுநோயைத் தடுப்பதில் காய்கறிக்குப் பங்கு உண்டா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தக் காரம்.

1992-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலே என்பவரின் குழு, புரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. புரோக்கோலி முட்டைக்கோஸுக்குத் தம்பி முறை. சல்ஃபோராஃபேன் உள்ளே போனதும் உடம்பு அதை ஒரு சிறு விஷமாகவே நினைத்துக்கொள்கிறது. உடனே கழிவை வெளியேற்றும் என்சைம்களை அதிகமாகச் சுரக்கிறது. அந்தச் சாக்கில், செல்லின் மரபணுவைக் கெடுக்கக்கூடிய வேறு சில நஞ்சுகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பூச்சியை விரட்டச் செடி வைத்திருந்த ஆயுதம், நம் வீட்டுக் காவல்காரரைத் தட்டி எழுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சீனாவின் சிடாங் பகுதியில் 291 பேருக்குப் பன்னிரண்டு வாரம் புரோக்கோலி முளையில் செய்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். காற்று மாசிலிருந்து உடம்புக்குள் போகும் பென்சீன், சிறுநீர் வழியாக வெளியேறும் அளவு 61 சதவீதம் கூடியது. 2014-ல் முடிவு வெளிவந்தது. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆனால், அந்தப் பானம் குடித்தவர்களுக்குப் புற்றுநோய் வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கைப்பேசியில் வலம் வரும் செய்திகள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மேற்கே மலை கூடவே வரும். தென்னந்தோப்பு, மாந்தோப்பு தாண்டினால், வீடு தவறாமல் ஒரு முருங்கை. புரோக்கோலி இந்தப் பக்கத்துச் சமையலில் இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தாவர வகைப்பாட்டில் முருங்கையும் முட்டைக்கோஸும் ஒரே வரிசையில் வரும் தூரத்து உறவு. அந்தக் கந்தகக் குடும்பத்துப் பொருட்கள் முருங்கைக்கீரையிலும் இருக்கின்றன. முருங்கை வேரைக் கீறினால் கடுகு நெடி அடிக்கும். வெள்ளைக்காரர்கள் அதைக் குதிரைமுள்ளங்கிக்குப் பதிலாகத் துருவிச் சாப்பிட்டிருக்கிறார்கள். நாம் அதைச் செய்ய வேண்டாம், வேரில் நச்சு உண்டு. கீரையும் காயும் போதும்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. முட்டைக்கோஸை நறுக்கிய உடனே அடுப்பில் போட்டால், காரத்தை உண்டாக்கும் என்சைம் சூட்டில் செத்துவிடும். நறுக்கி அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு வதக்கினால், அதற்குள் வேலை நடந்திருக்கும். குழைய வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவது வீண். வெந்த பிறகு கொஞ்சம் பச்சைக் கடுகுப் பொடி தூவினால், கடுகில் உள்ள என்சைம் விட்டுப்போன வேலையைத் தொடர்கிறது என்று இங்கிலாந்தில் ஓர் ஆய்வு காட்டியது. தாளித்த கடுகுக்கு இந்தச் சக்தி இல்லை, எண்ணெயில் வெடிக்கும்போதே போய்விடும். வெள்ளரிப் பச்சடிக்குப் பச்சைக் கடுகை அரைத்து விடும் பாட்டிகளுக்கு என்சைம் தெரியாது, ருசி தெரியும். பூண்டும் இதே கதைதான்: நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுச் சமைக்க வேண்டும். தக்காளி மட்டும் எதிர்க்கட்சி. அதன் சிவப்பு நிறப் பொருளான லைக்கோபீன், எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

அப்படியானால் அந்தப் பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக விழுங்கிவிடலாமே? பின்லாந்தில் செய்து பார்த்தார்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை, புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் கணக்குப் பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். மருத்துவ உலகமே அதிர்ந்தது. கேரட் பொரியலால் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் காயும் பழமுமாக ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறதே தவிர, டப்பாவில் அடைத்த சாற்றைச் சொல்லவில்லை. புகையிலை போடுகிறவர் கீரை சாப்பிட்டு அதை ஈடுகட்டலாம் என்பதும் நடக்காத காரியம்.

தென் மாவட்டங்களில் இன்னொரு செடியும் உண்டு: நித்யகல்யாணி. வீட்டு வாசலிலும் மயானக் கரையிலும் பூத்துக் கிடக்கும். 1958-ல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அதன் உறவான வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மருந்து. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் கண் எதிரில், நரம்பில் ஏற்றப்படுவது. இலையைப் பறித்து அரைத்துக் குடிப்பது உயிருக்கே ஆபத்து. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், இந்த நோய் என்றாலே முடிவு என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். இன்று சீக்கிரம் கண்டுபிடித்தால் பல வகைகளைக் குணப்படுத்த முடிகிறது. கட்டியோ, ஆறாத வாய்ப்புண்ணோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கோ இருக்கும்போது, "ஒரு மண்டலம் கீரைச் சாறு குடித்துப் பார்க்கிறேன்" என்று சொல்பவர் அந்தச் சீக்கிரத்தைத்தான் இழக்கிறார். மதுரைக்குப் பேருந்து அடிக்கடி இருக்கிறது, இரண்டு மணி நேரப் பயணம். சாறு எங்கும் போய்விடாது.

சாயங்காலம் கோபுர நிழல் நீளும் நேரத்தில் தேரடிப் பக்கம் நடந்தால், பால்கோவாக் கடைகளில் வாணலிகள் கொதித்துக்கொண்டிருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கால் கிலோ வாங்கிக்கொள்ளலாம். அப்படியே முருங்கைக்கீரை இரண்டு கட்டு. கீரையைப் பைக்குள் அமுக்காமல் மேலே வைத்துக்கொள்ள வேண்டும். வீடு போய்ச் சேருவதற்குள் பாதி இலை காம்பை விட்டு உதிர்ந்திருக்கும், ஆய்கிற வேலை மிச்சம்.