தலைமையாசிரியரைத் தெரிந்தெடுப்பது யார்?

இராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குச் செல்லும் வழியில் குடியிருக்கும் எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த இருவரும் நமது துறவற சபையார் நடத்தும் பள்ளியொன்றில் படித்துத் தேறினார்கள். கடைக்குட்டிக்குக் காது கேளாது. கருவி பொருத்தினால் ஓரளவு கேட்கும். மீதியை உதடுகளைப் பார்த்தே புரிந்துகொள்வான். 2022-ஆம் ஆண்டில் அவனையும் அதே பள்ளியில் சேர்க்கச் சென்றோம். தலைமையாசிரியை எங்களை அன்போடு அமரச் செய்து, "இவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் இருக்கின்றனவே, அங்கே மகிழ்ச்சியாக இருப்பான்" என்றார். கடுமையாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்போம். கனிவாகச் சொன்னபடியால் எழுந்து வந்துவிட்டோம்.

எழுந்து வந்தது எங்கள் பிழை என்பதைப் பின்னரே அறிந்தோம். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, மற்றவர்களோடு ஒன்றாகக் கற்பிக்க வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சட்டம் எழுதியபடியே இருக்கும். வாசற்கதவு திறப்பதும் மூடுவதும் தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் மனத்தைப் பொறுத்தது.

மகனை மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் சேர்த்தோம். 2024 ஆகஸ்டில் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் மாநிலமெங்கும் புதிதாக அமைக்கப்பட்டபோது அங்கும் கூட்டம் நடந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். மீன் ஏலத்திலிருந்து கூடையும் கையுமாக நேரே வந்திருந்த ஓர் அக்காள், வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். "எம் பொண்ணுக்குக் கால் வராது. ஆறாங் கிளாஸ் மாடியில இருக்குது. அதைக் கீழே கொண்டாறவங்களுக்குத்தான் என் கை" என்றார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு யாரோ அவர் பெயரையே முன்மொழிய, அவரே தலைவியானார். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது வகுப்பு கீழே இருந்தது.

தலைமையாசிரியரை நியமிக்கும் அதிகாரம் அக்குழுவுக்கும் இல்லை என்பது மெய்யே. ஆயினும் அடுத்த ஆண்டு புதியவர் பொறுப்பேற்ற முதல் நாளே தலைவி அவரிடம் சென்று, "இந்தப் பிள்ளைகளுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க, சார்?" என்று கேட்டார். அக்கேள்வியை எங்கள் மூத்த பிள்ளைகள் படித்த பள்ளியில் கேட்பதற்கு ஒருவருமில்லை.

நமது பள்ளிகளின் தலைவரை நாமே தெரிந்துகொள்வது அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்துள்ள உரிமை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்னும் ஐயத்தை அதே நீதிமன்றம் 2025-இல் எழுப்பியது. அவ்வுரிமையை இழக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் "நாமே" என்பதில் பெற்றோர் அடக்கமா, இல்லையா? அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1988-ஆம் ஆண்டின் சட்டமொன்று, பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிக் குழுவுக்கே தலைமையாசிரியரைத் தெரிந்தெடுக்கவும், நான்காண்டு ஒப்பந்தம் முடிந்தபின் வைத்துக்கொள்வதா விடுவதா என்று தீர்மானிக்கவும் அதிகாரம் அளித்தது. அத்தனை தூரம் நாங்கள் கேட்கவில்லை. மே மாதத்தில் மாற்றல் உத்தரவு வருமுன் பெற்றோரையும் பங்குப் பேரவையையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்கட்டும். வரப்போகிறவரிடம் மீன்காரத் தலைவியின் கேள்வியைக் கேட்கட்டும். அதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை. இவ்வூருக்குப் பெயர் தந்த இராயப்பருக்கு ஆலயம் எழுப்பியவர்கள் படகோட்டிகள்தாமே!

சென்ற மாதம் இதை மனுவாக எழுதிப் பங்குத் தந்தையிடம் கொடுத்தோம். நின்றபடியே வாசித்தார்.

"எத்தனை குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது?"

"பதினொன்று, சாமி."

"அதில் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீடு?"

"நான்கு."

"மற்ற ஏழு பேரின் கையெழுத்துத்தான் தாளாளரை யோசிக்க வைக்கும். அது எழுபதாகட்டும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று தாளைத் திருப்பித் தந்தார்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில் வாசலில், வேப்பமரத்தடியில், மேசை போட்டிருப்போம்.