இரண்டு சுவர்களுக்கு நடுவே

தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வருகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியைச் சுற்றி வருகிறார்கள். கருவறையைச் சூழ்ந்து, இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஓடும் உட்சுற்றுக்குள் அவர்களால் போக முடியாது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அந்தக் கோவிலில் எனக்கு மிகப் பிடித்த இடமோ அதுதான்; அதிலும் சைவ நாயனார் சுந்தரரின் கதை தீட்டிய மேற்குச் சுவர்.

கோவில் நிறைவுற்றது 1010-ல். பிற்பாடு நாயக்கர் கால ஓவியர்கள் சோழர் ஓவியத்தின் மேலேயே புதுச் சுதை பூசித் தங்கள் சித்திரங்களை எழுதினார்கள். அந்தப் பூச்சுக்கு அடியில் பழைய ஓவியம் இருப்பதை 1931-ல் கண்டு சொன்னவர் எஸ்.கே. கோவிந்தசாமி. உட்சுற்றில் அருகருகே நிற்கும் இரு உருவங்களைக் கோவிலைக் கட்டிய ராஜராஜனும் அவன் குருவாகச் சொல்லப்படும் கருவூர்த் தேவரும் என்றார் சி. சிவராமமூர்த்தி. அறிஞர் பெரியவர்தான், ஆனால் சடைமுடியையும் நிற்கும் தோரணையையும் வைத்து மட்டும் பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுந்தரர் சுவரில் இந்தச் சிக்கல் இல்லை. கீழே திருவெண்ணெய்நல்லூர் அவை கூடியிருக்கிறது. முதிய வேதியராக வந்த சிவன், சுந்தரரைக் காட்டி 'இவன் என் அடிமை' என்பதற்குச் சான்றாக ஓலையை நீட்டுகிறார். நின்றுபோகப் போகும் சுந்தரர் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் சமையல் நடக்கிறது. அதற்கு மேலே, சுந்தரர் வெள்ளை யானையிலும் அவர் தோழரான சேர மன்னர் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்கு விரைகிறார்கள். உச்சியில் சிவன் புலித்தோல் மேல் வீற்றிருக்க, அரம்பையர் ஆடுகிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இதற்கு நூறாண்டுக்கும் பிறகு. நாம் காவியமாகப் படிக்கும் கதையைப் பெயர் தெரியாத ஓர் ஓவியர் அதற்கு முன்பே, வழக்காடும் கிழவரிடமிருந்து கயிலைவரை, ஒரே சுவரில் ஏற்றிவிட்டார்.

அனுமதி பெற்று உள்ளே போனவர்களுக்கும் இந்த ஓவியம் முழுதாகக் கிடைப்பதில்லை. நடை அவ்வளவு குறுகல். கொஞ்சம் பின்வாங்கினால் முதுகு எதிர்ச்சுவரில் முட்டுகிறது. கீழே பார்த்தால் மேலே தெரியாது.

மெய்நிகர் தொழில்நுட்பம் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. பல கோணங்களில் ஆயிரக்கணக்கில் படமெடுத்து, லேசர் அளவீட்டோடு கோத்துச் சுவரை முப்பரிமாணத்தில் எழுப்பலாம். கண்ணில் கருவியை மாட்டியவர் எதிர்ச்சுவரை விலக்கிவிட்டு, வேண்டிய தூரம் தள்ளி நின்று யானையையும் குதிரையையும் கயிலையையும் ஒருசேரப் பார்க்கலாம். தொல்லியல் துறை பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிய நாயக்கர் ஓவியங்களையும் அவற்றின் பழைய இடத்தில் வைத்துக் காட்டலாம். இரண்டு காலத்து ஓவியங்களும் ஒரே இடத்தில் இருக்க வேறு வழியே இல்லை. எகிப்தில் அரசி நெஃபர்தாரியின் கல்லறைக்குள் 2018 முதல் இப்படி வீட்டிலிருந்தே நுழைய முடிகிறது. அப்படி நுழைபவரின் மூச்சின் ஈரம் அந்த ஓவியங்களைத் தொடுவதில்லை.

நம் ஊரில் பாரம்பரியம் என்று சொல்லி மாட்டிவிடும் கருவிகளுக்குள் நான் பார்ப்பது என்ன? மின்னும் தங்கக் கலசம், சினிமாக் குரலில் வசனம் பேசும் அரசன், காதைப் பிளக்கும் முரசு. உதிர்ந்துபோன முகத்துக்குக் கணினி புதுக் கண் வரைகிறது, புது உதடு வரைகிறது. ஆயிரம் ஆண்டு தாங்கிய கோட்டுக்குப் பக்கத்தில் நேற்று வரைந்த கோட்டை வேறுபாடு தெரியாமல் சேர்ப்பது பொய். நிஜச் சுவரில் யாராவது அப்படித் தீட்டினால் கொதித்தெழுவோம். திரையில் என்றால் கைதட்டுகிறோம்.

உதிர்ந்த இடம் வெறும் சுதையாகவே தெரியட்டும். ஊகித்து வரைந்தது ஊகம் என்று தெரியும்படி தனி நிறத்தில் இருக்கட்டும். எடுத்த தரவு ஒப்பந்ததாரரின் பெட்டியில் முடங்காமல் பொதுச் சொத்தாகட்டும். இன்றைய கருவி பழையதாகிப் போனாலும் அந்தத் தரவு நிற்க வேண்டும். இந்தக் காட்சி முதலில் தஞ்சாவூர்ப் பள்ளிகளுக்குப் போகட்டும். தங்கள் ஊர்ச் சுவரில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் அறிந்தால்தான், நாளை அந்தச் சுவருக்கு ஒரு கேடு வரும்போது கேள்வி கேட்க ஆள் இருக்கும்.