முதலில் சிக்கல், பிறகு இயந்திரம்

கடைக்குக் கணினி வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் கொல்லிமலையைச் சுட்டிக்காட்டுவதுண்டு.

நாமக்கல் மாவட்டத்து அம்மலையில் பெரக்கரை நாடு முதலிய பல நாடுகள் உள்ளன. சாமையும் தினையும் அங்கே தொன்றுதொட்டு விளைந்தவை. காசு தரும் மரவள்ளி பரவவே அவற்றின் பரப்பு சுருங்கிற்று. மற்றொரு காரணம் வீட்டுக்குள் இருந்தது. சாமையின் உமியை நீக்க உரலிலிட்டு நெடுநேரம் குத்தவேண்டும். அப்பாரம் பெண்களின் தோளில்தான் விழுந்தது.

1988இல் நிறுவப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குப் பணியாற்றியபோது இச்சிக்கலைக் கவனத்திற்கொண்டது. ஊர்களிலேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் அமைந்தன. சுயஉதவிக் குழுவினர் அவற்றை இயக்கினர். அடிவாரத்தில் பேராலை ஒன்றை எழுப்பியிருந்தால், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தானியத்தை யார் கொண்டுசெல்வது?

நம் கடைகளுக்கும் இதுவே அளவுகோல். கடன் பாக்கி மறந்துபோகிறதா? சரக்கிருப்புத் தெரியவில்லையா? பில் போடும் இடத்தில் வரிசை நீள்கிறதா? முதலில் அதைத் தாளில் எழுதுங்கள். பாக்கிக்கு ஒழுங்கான பேரேடே போதுமானதாக இருக்கலாம். ஆயிரம் வகைச் சரக்குக்குக் கணினி தேவைப்படலாம். அதை இயக்கப்போகிறவர் யார், பழுதானால் சீர்செய்பவர் யார் என்பதையும் கேளுங்கள்.

அடுத்த கடையில் இருக்கிறது என்பது ஒரு காரணமாகாது. நீங்கள் செலவிடுவது பிள்ளைகளின் படிப்புக்கும் உரிய பணம் அல்லவா? வீட்டாரையும் கலந்து முடிவெடுங்கள்.