கரைப்பறவை ஆய்வும் சிற்றாற்று நீரும்: ஒரு பருவக் குறிப்பேடு

ஆனி, வீரகேரளம்புதூர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் பெருகும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து வீரகேரளம்புதூருக்கு அருகில் அனுமன் நதியையும் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. வழியிலுள்ள குளங்கள் நிறைந்தபின் எஞ்சுவதே கடலுக்குச் செல்கிறது என்றாலும், அந்நீர் கொண்டுசேர்க்கும் வண்டலில்தான் கழிமுகத்துப் புழுக்களும் சிறு நத்தைகளும் பெருகுகின்றன. அவற்றைத் தேடி வருபவை கரைப்பறவைகள்; அதாவது, நீந்தாமல் அலைவாய்ச் சேற்றில் நடந்து இரை கொத்தும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற இனங்கள். அதே வளைகுடாவின் கரையிலுள்ள மண்டபம் என்னும் ஊரையும் அதனை அடுத்த தீவுகளையும் களமாகக் கொண்டு இப்பறவைகளை ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து அறிஞர் எஸ். பாலச்சந்திரனின் பணியை ஆற்றங்கரை ஊரொன்றிலிருந்து நோக்குவது, ஆகையால், பொருத்தமானதே.

இந்த மாதம், கரைப்பறவைகள் சைபீரியத் தூந்திரத்தில் அடைகாக்கும் காலம். எனினும் பிறந்து ஓராண்டே ஆன இளம்பறவைகளில் பல வடக்கே திரும்பாமல் கோடை முழுவதையும் இங்கேயே கழிக்கின்றன. இது கோடைத்தங்கல் எனப்படும். மன்னார் வளைகுடாவின் 21 பவளத்தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அத்தீவுகள் வெறும் குளிர்கால விடுதி அல்ல, ஆண்டு முழுவதும் காக்கப்பட வேண்டியவை என்பதற்கு இவ்விளம்பறவைகளைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஐப்பசி

வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஊரின் குளங்களில் நீர் ஏறும்போது நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடிக்கரையிலும் பறவைகள் வந்து நிறைகின்றன. அங்கு வேரூன்றிய, பறவைகளின் காலில் வளையமிடும் முறையின் தொடக்கம் சற்று வியப்பானது. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலுக்கு ஆளாக, அந்நோயைப் பரப்பும் உண்ணிகளை வலசைப் பறவைகள் சுமந்து வந்திருக்கலாமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்க உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் 1959இல் பறவையியலாளர் சாலிம் அலி பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்தைத் தொடங்கினார். நோயைத் தேடிப் போன முயற்சி, வலசையைப் பற்றிய பேரறிவாக விளைந்தது. கோடிக்கரை 1967இல் சரணாலயமானது.

வளையம் என்பது எண் பொறித்த மெல்லிய உலோகப் பட்டை. அதில் கழகத்தின் பெயரும் இருக்கும். பறவையைக் காயமின்றிப் பிடிப்பதில் பீகாரின் மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போரின் கைத்திறன் இத்திட்டத்துக்குப் பெரிதும் உதவியது; அறிவியல் வரலாற்றில் இத்தகையோருக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. பிடித்த பறவையின் சிறகளவு, எடை, இறகு உதிர்ப்பின் நிலை ஆகியவை பதியப்படுகின்றன. இறகு உதிர்ப்பு என்பது பழைய இறகுகள் விழுந்து புதியவை முளைப்பது. அதன் வரிசையைக் கொண்டே பறவையின் வயதையும் அது வந்துசேர்ந்த காலத்தையும் மதிப்பிட முடிகிறது. கொசு உள்ளான் இருபத்தைந்து கிராம் அளவே எடையுள்ளது. அதன் காலில் ஏறும் பட்டையின் கனமும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கப்படுகிறது.

தை

இம்மாதத்தில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 2011 முதல், தன்னார்வலர்களைக் கொண்டு நடந்துவருகிறது. கடலோரத்துக்கு உரியதென்று கருதப்படும் மீசை ஆலா, குளத்து நீரின்மேல் தாழப் பறந்து இரை எடுப்பதை இப்பக்கத்து ஊர்க்காரர்களும் காண்பதுண்டு. அதன் உறவினங்களோ இராமர் பாலத்து மணல்திட்டுகளில் கூடுகட்டி வாழ்கின்றன. கூடு என்பது மணலில் ஒரு சிறு பள்ளமே, மனிதக் காலடி ஒன்று போதும், முட்டைகள் அழிந்துவிட.

பங்குனி

2006இல் எடின்பரோவில் வெளியான தொகுப்பொன்றில், கோடிக்கரையைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு, இந்தியக் கிழக்குக் கரையில் கரைப்பறவைகள் குறைந்துவருவதைப் பாலச்சந்திரன் எழுதினார். 1980களிலேயே எண்ணி, எடையிட்டு, வளையமிட்டு வைத்த பதிவுகள் இல்லையெனில் இக்குறைவு வெறும் முதியவர் நினைவாகவே தள்ளப்பட்டிருக்கும். நன்னீர் வரத்துக் குறைந்து, உப்பளங்களுக்காக நீரோட்டம் மாறி, உவர்ப்பு மிகும்போது சேற்றிலுள்ள இரையினங்கள் மறைகின்றன. பறவை பின்னர்தான் மறைகிறது.

இப்போது சிற்றாற்றில் மணல் தெரிகிறது. கரையில் வளைமூக்கு உள்ளானின் வெளிறிய மார்பு செங்கல் நிறம் கொள்ளத் தொடங்க, அறுபது கிராம் அளவிலிருந்த அதன் உடல், வடக்கே செல்லும் நெடும்பயணத்துக்கென எரிபொருளாகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. தராசில் அதனை நிறுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆய்வாளர் கையைத் திறக்கிறார்.