மார்த்தாளின் அடுப்படி

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் மார்த்தாள், மரியாள் சகோதரிகளைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிராத தமிழ்க் கிறிஸ்தவர் அநேகமாக இருக்க மாட்டார். இயேசு பெத்தானியாவில் அவர்கள் வீட்டுக்கு வருகிறார். ஒருத்தி பணிவிடையில் அலைக்கழிகிறாள். மற்றவள் அவர் காலடியில் அமர்ந்து கேட்கிறாள். அலைபவள் முறையிடுகிறாள். அமர்ந்தவளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பது அவருடைய பதில். இத்துடன் பிரசங்கம் முடிந்துவிடுகிறது. மார்த்தாள் உலகக் கவலையின் உருவமாகவும், மரியாள் பக்தியின் உருவமாகவும் நம் மனத்தில் நிலைத்துவிடுகிறார்கள். அன்று அந்த வீட்டில் சமைத்தது யார் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

எங்கள் வாலாஜாபாத்தில் ஒருவர் எழுப்பினார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுப்பின் பண்டிகை நாள். ஆலயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அன்பின் விருந்து தயாராகிக்கொண்டிருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். பலர் வாரம் முழுவதும் வீட்டில் தார் சுற்றித் தறிக்குக் கொடுப்பவர்கள். நாமும் ஒரு மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். உள்ளே நடந்த ஆராதனை ஒலிபெருக்கி வழியாகக் கொட்டகைக்கும் வந்துகொண்டிருந்தது. அன்றைய பிரசங்கம், வேறென்ன, மார்த்தாளும் மரியாளும்தான். விருந்து முடிந்து போதகர் நன்றி சொல்ல வந்தபோது அவர்களில் மூத்தவர் கரண்டியைக் கீழே வைக்காமலேயே கேட்டார்: “ஐயா, நாங்க எல்லாரும் மரியாள் மாதிரி முன்னால வந்து உக்காந்துட்டா, சபைக்கு எலை போடுறது யாருங்கய்யா?” போதகர் சிரித்தார். “நல்லாக் கேட்டீங்கம்மா” என்றார். பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பதில் எளிதில் கிடைப்பதும் இல்லை.

செயலையும் தியானத்தையும் எப்படிச் சமன்செய்வது என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் இருபத்துநான்கு மணி நேரத்தைப் பங்கு பிரிப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். அதிகாலையில் இவ்வளவு ஜெபம், பகலில் இவ்வளவு சேவை என்பது போல. தன் நேரம் தன் கையில் உள்ளவருக்கு அது சரிப்படும். ஒருவர் அமர்வதற்காக இன்னொருவர் நின்றுகொண்டிருக்கும் வீட்டில் கடிகாரத்தை வைத்து எதைப் பங்கிடுவது?

தமிழ்க் கிறிஸ்தவர் இறைப்பணிக்கு வழங்கும் சொல்லே இங்கு நினைக்கத்தக்கது. ‘ஊழியம்’ என்கிறோம். ‘முழுநேர ஊழியர்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் இச்சொல்லுக்குக் கூலியில்லாத கட்டாய வேலை என்று பொருள். ஒடுக்கப்பட்ட சாதியினர் அரசுக்கும் மேல்சாதியினருக்கும் ஊழியம் செய்தாக வேண்டும். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. அந்த மக்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஆலயத்தில் சும்மா அமர்ந்திருப்பது ஓய்வு நேரத்தின் உபரி அன்று, பெற்ற உரிமை. மரியாள் ஆண் சீடர்களுக்குரிய இடத்தில், போதகரின் காலடியில் அமர்ந்ததும் அவ்வகையானதே என்று நமக்குப் படுகிறது. இயேசு காத்துக்கொடுத்தது அந்த இடத்தை. அவர் மார்த்தாளிடம் குறை கண்டது அவளுடைய பலவகைக் கவலையில், சமையலில் அன்று. லூக்கா அவளுடைய பணிவிடையைச் சுட்டும் ‘டயகோனியா’ என்ற கிரேக்கச் சொல்லே பிற்காலத் திருச்சபையில் திருப்பணியைக் குறிக்க நின்றது என்பதையும், இக்கதைக்கு நேர் முன்னால் அவர் வைத்திருப்பது நல்ல சமாரியன் உவமை என்பதையும் பிரசங்கிகள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

‘தொண்டு’ என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தமிழில் தொண்டர் என்றால் பணி செய்பவர், பக்தர் இரண்டும்தான். பெரியபுராணத்தின் இயற்பெயர் திருத்தொண்டர் புராணம். அதில் வரும் நேச நாயனார் நெய்தல் தொழில் செய்பவர்; மனம் இறைவன் அடியிலும் வாக்கு ஐந்தெழுத்திலும் இருக்க, கை அடியார்க்கான துணியை நெய்யும். எங்களுக்கு அடுத்த காஞ்சியின் திருக்குறிப்புத் தொண்டரோ அடியார்களின் துணி வெளுப்பதையே வழிபாடாகக் கொண்டவர். துணி உலரவில்லை என்பதற்காகக் கல்லில் தலையை மோதிக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு அதில் தீவிரம். (அந்தத் தீவிரத்திலும் கொஞ்சம் மார்த்தாள் இருக்கிறாள்.) ஆயினும் கையும் மனமும் இசைந்துவிட்டால் போதும் என்று உழைப்பவரிடமே சொல்லிவிட்டு நாம் முன்வரிசையில் அமர்ந்துகொள்வது நேர்மையாகாது. ஐயம்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் இணைத்து நெய்ய மறுபக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் அது மனைவியின் கை. நெசவாளர் என்று பெயர் பெறுபவர் ஒருவர்தான்.

இந்தக் கேள்வியைத் தங்கள் வாழ்க்கை முறையாலேயே எதிர்கொண்டவர்கள் என்று நாம் கருதுவது திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய இருவரை. அன்று வடஆர்க்காடு மாவட்டமாக இருந்த அப்பகுதியில் 1921இல் அதைத் தொடங்கியவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும். இருவரும் மருத்துவர்கள். பிரித்தானியாவில் படித்த காலத்தில் நண்பர்களானவர்கள். பேட்டன் ஸ்காட்லாந்தின் பெரும் நூல் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. தமிழரான ஜேசுதாசன் பெரியண்ணன். வெள்ளையரான பேட்டன் சின்னண்ணன். மிஷன் பங்களாவில் துரைதான் எப்போதும் பெரியவர் என்றிருந்த காலத்தில் இந்த முறைப்பெயர்களே ஒரு பிரசங்கம். கதர் உடுத்தினார்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதருடன் நின்ற பேட்டன் காவலரிடம் அடிபட்டார். செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போயிற்று.

அங்கே கோயில் கட்டடக் கலையில், கோபுரத்தோடு எழுந்த ஜெபாலயமும் உண்டு. ஏழைகளுக்கான மருத்துவமனையும் உண்டு. நோயாளி ஜெபமணி பார்த்து வருவதில்லை. பிரசவ வலிக்கும் பாம்புக்கடிக்கும் தியான நேரம் தெரியாது. ஆகவே அங்கும் ஜெபம் கலைந்த நாள்கள் இருந்தே இருக்கும். நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஜெபிப்பதற்கு ஒரு கூட்டம், அதற்குச் சேவகம் செய்ய இன்னொரு கூட்டம் என்ற பழைய ஏற்பாட்டை மறுத்து, அண்ணன் தம்பியராக ஒரே குலத்தில் வாழ்வது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கிறிஸ்துவின் குடும்பம் என்று பெயரிட்டதன் பொருள் அதுவே. சமநிலை என்பது தனி ஒருவரின் சாதனையாக இல்லாமல் ஒரு வீட்டின் ஒழுங்காக மாறுகிறது.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் நடந்தது இதன் மறுபக்கம். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, ஊர் ஊராகச் சென்று நற்செய்தி சொன்னவர். 1901இல் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்படும் நிலையிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை ஏற்றதிலிருந்து அவர் வழி மாறியது. பிரசங்கப் பயணங்கள் குறைந்தன. குழந்தைக்குப் பாலூட்டலும் இரவு விழித்தலும் மிகுந்தன. இதுவா மிஷனரி வேலை என்று சக மிஷனரிகளிலேயே சிலர் நினைத்தார்கள். அந்த ‘அம்மா’ 1931இல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபதாண்டுகள், பெரும்பாலும் அறைக்குள்தான். பல நூல்களை அங்கிருந்து எழுதினார். மரியாளின் பங்கு அவருக்கு வலியோடு வந்தது. அவர் படுத்திருக்க, அவர் வளர்த்த பெண்கள் எழுந்து நின்று வீட்டை நடத்தினார்கள். அவர் எழுத்தைப் புகழ்பவர்கள் அந்த அறைக்குக் கஞ்சி கொண்டுவந்த கைகளையும் சேர்த்துப் புகழலாம்.

குளித்தலை அருகே 1950இல் மோன்ஷானினும் லெ சோவும் தொடங்கிய சாந்திவனம் மௌனத்தையே முதலாகக் கொண்டது. அதன் ஆழத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் எங்கள் கொட்டகைப் பெண்மணியின் கேள்விக்கு அது வெகுதொலைவு.

பெத்தானியாவில் இன்னொரு விருந்தும் நடந்தது. யோவான் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்திருந்த மார்த்தாள், இப்போதும் பணிவிடைதான் செய்கிறாள். மரியாள் விலையுயர்ந்த தைலத்தை அவர் பாதங்களில் பூச, வீடெங்கும் மணம் நிறைகிறது. மார்த்தாள் இம்முறை முறையிடவில்லை. முறையிட்டவன் யூதாஸ். அந்தத் தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டான். பணப்பை அவனிடம் இருந்தது.