ஆறட்டும் சார்

ஏட்டில் கற்ற கல்வி எப்போது நம்முடையதாகிறது? பட்டம் பெறும் நாளிலா, முதற் சம்பளம் கைக்கு வரும் நாளிலா? பொறியியல் பயின்று, தொழிற்சாலையையே வாழ்க்கையாக ஏற்றுக்கொண்ட நாங்கள் இருவர் இக்கேள்விக்கு விடை கண்ட இடம், ஓசூரில் ஒரு லேத் இயந்திரத்தின் அருகே.

இயந்திரவியல் பட்டத்தோடு நாங்கள் சேலத்தில் பேருந்து ஏறியது 1993ஆம் ஆண்டு. தொப்பூர்க் கணவாயைக் கடந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி, சூளகிரி என்று வண்டி மேடேற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. இன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டம். 2004இல் பிரிக்கப்படும்வரை இப்பகுதி முழுவதும் தருமபுரி மாவட்டமாகவே இருந்தது. வானம் பார்த்த பூமி, கேழ்வரகு, மாந்தோப்புகள், பிழைப்புக்காகப் பெங்களூர் செல்லும் மக்கள் என்பதே அதன் பழைய முகம்.

அம்முகத்தை மாற்றியது சிப்காட். 1971இல் தமிழக அரசு தொடங்கிய அந்நிறுவனம், பின்தங்கிய பகுதியான ஓசூரில் நிலம் எடுத்துச் சாலையும் நீரும் மின்சாரமும் தந்து ஆலைகளை வரவேற்றது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர் இருந்தது இன்னொரு வசதி. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு வந்தது. அசோக் லேலண்டு இங்கே லாரி செய்யத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கே சென்று, கைக்கடிகாரம் அணிந்தறியாத பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரம் செய்யப் பயிற்றுவித்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றிற்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிற்றாலைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அத்தகைய ஆலை ஒன்றில்தான் நாங்கள் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தோம்.

வீட்டாருக்கு இது அத்தனை மகிழ்ச்சி தரவில்லை. மகன் பொறியாளர் என்றால் மேசையும் நாற்காலியும் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஊருக்குச் சென்றபோது, "இதற்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்டார்கள். உடன் படித்த நண்பர் சிலர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கணினித் துறைக்குச் சென்றனர். எங்கள் சம்பளத்தினும் அவர்கள் சம்பளம் பெரிது. மாலையில் அதே நெடுஞ்சாலையில் பெங்களூர்ப் பேருந்துகள் செல்வதைப் பார்க்கும்போது எங்கள் மனமும் சற்றே தடுமாறியதுண்டு.

இனி அந்த இரவுக்கு வருவோம்.

மார்கழிக் குளிர். இரவு ஷிப்டு. ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டுகளைக் கடைந்துகொண்டிருந்தோம். அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 25 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு. இயந்திரத்தில் நின்றவர் ஐ.டி.ஐ. பயின்ற மூத்த தொழிலாளர்; கெலமங்கலம் பக்கத்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆலையில் தமிழ் என்று மூன்று மொழியிலும் அளந்து பேசுபவர். கடைந்த தண்டை ஓரமாக வைத்துச் சற்று நேரம் கழித்தே மைக்ரோமீட்டரால் அளப்பது அவர் வழக்கம். விடியலுக்குள் எண்ணிக்கையை முடித்தாகவேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட ஆணை. "இறக்கிய உடனே அளந்து, அடுத்ததைப் போடுங்கள்" என்றோம்.

"கை சுடுது. ஆறட்டும் சார்" என்றார் அவர்.

"நாங்கள் சொல்வதைச் செய்யுங்கள்" என்றோம். எங்கள் வயது அவருடைய பணிக்காலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அவர் மறுத்துப் பேசவில்லை. சூடாகவே அளந்தோம், ஒவ்வொன்றும் நடு அளவில் சரியாக நின்றது. எங்களுக்குப் பெருமிதம்.

காலையில் ஆய்வுப் பிரிவு அறுபத்து நான்கு தண்டுகளைத் தள்ளிவிட்டது. அத்தனையும் அளவில் குறைந்தவை. பருத்திருந்தால் மீண்டும் கடையலாம்; இளைத்த தண்டுக்கு மருந்தில்லை, கழிவுதான்.

அன்பு வாசகரே, காரணம் மிக எளிது. ஒரு மீட்டர் எஃகு, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். அளவுகளுக்கு உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படும் வெப்பநிலை 20 டிகிரி. கடைசலின் சூட்டில் 50 டிகிரியை எட்டிய எங்கள் தண்டு, ஆறியபோது 17 மைக்ரான் சுருங்கிக் கீழெல்லையைத் தாண்டிவிட்டது. இக்கணக்கைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்! அந்தத் தொழிலாளரின் கை அறிந்ததை எங்கள் ஏடும் அறிந்தேயிருந்தது. ஆனால் ஏட்டுக்கும் எங்களுக்கும் இடையே இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

பிழை அதோடு முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. மறுநாள் அந்தத் தொழிலாளருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இயந்திரத்தில் நின்றவர் அவர். அளவுத் தாளில் கையெழுத்தும் அவருடையது. ஆணையிட்டவர் பெயருக்கு அத்தாளில் இடமே கிடையாது. நாங்கள் வாய் திறக்கவில்லை. பயிற்சிக் காலம் முடியாதவர்கள், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள், வீட்டில் கல்விக்கடன் அடையாதவர்கள் என்று எங்களுக்கு நாங்களே சாக்குகளை அடுக்கிக்கொண்டோம். பாகலூர் சாலையிலிருந்த வாடகை அறையில் இரண்டு இரவுகள் உறக்கமில்லை. அவரோ, யார் மீதும் குற்றம் சொல்லாமல், "கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

மூன்றாம் நாள் மேலாளரிடம் சென்று, ஆணை எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தோம். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். மெமோ திரும்பப் பெறப்பட்டது. எங்கள் பணி நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. ஆனால் அந்த மாத ஊக்கத்தொகைக் கணக்கு முடிந்துவிட்டது. அத்தொகை அவருக்குக் கிடைக்கவேயில்லை. நாங்கள் எங்கள் சம்பளத்திலிருந்து கொடுக்க முயன்றபோது அவர் வாங்கவில்லை. "வேலை கத்துக்கிட்டீங்களா தம்பி? அது போதும்" என்றார். அதுவரை "சார்" என்றே அழைத்தவர், அன்றுதான் முதன்முறையாகத் "தம்பி" என்றார். அது பதவி இறக்கமன்று என்பது எங்களுக்குப் புரிந்தது.

ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆயிற்று. மொபெட் செய்த ஊரில் இன்று மின்சார வண்டிகளும் கைபேசி உறுப்புகளும் உருவாகின்றன. இயந்திரங்கள் தாமே அளக்கின்றன. வெப்பத்திற்கேற்ப அளவைத் தாமே திருத்திக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் பொறியாளருக்கும் இயந்திரத்தில் நிற்பவருக்கும் உள்ள தொலைவை எந்தக் கருவியும் திருத்தித் தருவதில்லை. இன்று அங்கே நிற்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர். "ஆறட்டும்" என்று அவர் தம் மொழியில் சொன்னால், நமக்கு அது விளங்குமா?

பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். பட்டம் பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். தண்டு ஏன் சுருங்கியது என்பதை எங்களுக்கு விளக்கியது அந்தப் படிப்புதான். ஆனால் அப்படிப்பு, கைத்திறன் உடையவரிடம் கேட்டறியும் பணிவோடு சேரும்போதே தொழிலாகிறது. தன் பிழையைத் தானே ஏற்கும் நாளிலேயே பொறுப்பாகிறது.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பட்டதாரிகளுக்கு முதல் நாள் ஒரே வேலைதான் தருகிறோம். கடைந்த தண்டைச் சூடாக ஒருமுறை அளக்கச் செய்கிறோம். ஆறியபின் மீண்டும் அளக்கச் செய்கிறோம். பிறகு இந்தக் கதையைச் சொல்கிறோம். நாங்கள் பேசியது மூன்றாம் நாளில்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.